பன்னிரண்டாம் மாத வாடகை

வஹகோட்டையில் வாடகை வீடு பிடித்தவர் கையில் முதலில் விழுவது சாவி. அது போர்த்துக்கேயச் சொல். உள்ளே போய்த் திறப்பது ஜன்னல். அதுவும் அவர்கள் தந்ததுதான். மூலையில் பழைய அலமாரி ஒன்று கிடந்தால் அதுவும் அப்படியே. இந்த மூன்றாலும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் மனஸ்தாபம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆறு மாதம் போகும். கக்கூசு அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கப் பாஸைக் கூப்பிட வேண்டும். பாஸுக்கு யார் கூலி கொடுப்பது என்ற பேச்சு முற்றினால் நொத்தாரிசு எழுதிய காகிதத்தைத் தேட வேண்டும். கக்கூசு, பாஸ், நொத்தாரிசு மூன்றும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேறு ஊரில் இதைச் சொன்னால் சொல் விளையாட்டு. வஹகோட்டையில் இது ஊரின் சரித்திரம். மாத்தளை மாவட்டத்தின் கலேவெலப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கத்தோலிக்கக் கிராமம், 17ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர்களின் கையில் வந்து சேர்ந்த போர்த்துக்கேயர் குடியேறிய ஊர்களில் ஒன்று. புனித அந்தோனியார் திருத்தலத்தால் இன்று நாடறிந்த ஊர். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருமாரைத் துரத்திய காலத்திலும் மலைக்கு இந்தப் பக்கம் இவர்கள் செபமாலையைக் கீழே வைக்கவில்லை. ஒல்லாந்தப் படையால் இவர்களைத் தொட முடியவில்லை.

சட்டம் மட்டும் பின்கதவால் வந்தது. 1799இல் ஆங்கிலேயர், கரையோரத்தில் ஒல்லாந்தர் நடத்திய உரோம டச்சுச் சட்டமே தொடரும் என்று அறிவித்தார்கள். 1815இல் கண்டி வீழ்ந்தது. மாத்தளைக் கலகம் நடந்து நான்கு வருஷம் கழித்து, 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டம் வாய் திறக்காத விஷயங்களில் கரையோரச் சட்டமே கண்டிய மாகாணங்களுக்கும் செல்லும் என்றது. வாடகை வீட்டின் ஓட்டை ஓடு அப்படி வாய் திறக்காத விஷயங்களில் ஒன்று. ஆகவே இன்று வஹகோட்டையில் ஒரு கூரை ஒழுகினால், அதை யார் திருத்துவது என்று சொல்லும் அடிப்படைச் சட்டம், இந்த ஊரின் முன்னோர் யார் கைக்கு எட்டாமல் மலைக்குள் இருந்தார்களோ அவர்களுடையது.

அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமானது. வீட்டுக்காரருக்கு அவ்வளவு இனிப்பானதும் அல்ல. வீட்டை எந்த உபயோகத்துக்காகக் கொடுத்தாரோ அந்த உபயோகத்துக்கு ஏற்ற நிலையில் ஒப்படைக்க வேண்டும். குடியிருக்கும் காலம் முழுவதும் அந்த நிலையிலேயே வைத்திருக்கவும் வேண்டும். கூரை, சுவர், கைமரம், மலக்குழி, சுவருக்குள் ஓடும் குழாய், மின்கம்பி எல்லாம் அவர் தலையில். குடியிருப்பவர் தன் வீடுபோலப் பார்த்துப் புழங்கி, போகும்போது வந்தபடியே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். புழக்கத்தால் வரும் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. அவருடைய கவனக்குறைவால் உடைந்தது அவர் கணக்கு. வெள்ளமோ மண்சரிவோ வந்து வீட்டில் இருக்கவே முடியாமல் போனால், அந்தக் காலத்துக்கு வாடகை கேட்பதும் நியாயமாகாது. ஒப்பந்தத்தில் இருவரும் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வைத்தால் எழுதியது செல்லும். எழுதாத இடங்களை இந்தப் பழைய சட்டம் நிரப்பும்.

புத்தகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. குரங்கு புத்தகம் படிப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் மாத்தளை மாவட்டத்தில் ஓட்டு வீடொன்றில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி, பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போவார். ஒரு விடியற்காலை குரங்குக் கூட்டமொன்று கூரை மேல் ஓடி ஏழெட்டு ஓடுகளை இடம் மாற்றிவிட்டது. அன்று மாலை மழை. நான் போய்ச் சொன்னேன்.

"டீச்சர், கொரங்கு ஓட்டப் பெரட்டிப் போட்டிருச்சு. அறைக்குள்ள தண்ணி."

"கொரங்கு ஏன் தம்பி நம்ம கூரைக்கு வந்துச்சு? பக்கத்து வீட்டுக்குப் போகலையே?"

"எனக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?"

"ஒங்க வீட்டம்மா கூரைச் சரிவுல மொளகா காயப் போட்டாங்க. நான் பாத்தேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மிளகாய் காயப் போட்டது உண்மை. குரங்கு மிளகாய் தின்னாது என்று வாதாடினேன். பக்கத்தில் பலாக்காய்ச் சுளையும் காய்ந்ததை அவர் நினைவுபடுத்தினார். இயற்கை செய்த சேதம் வீட்டுக்காரர் கணக்கா, குடியிருப்பவரின் கவனக்குறைவு என் கணக்கா என்று உரோம டச்சு நிபுணர் ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வழக்கு அது. கடைசியில் ஓடு அவருடையது, பாஸ் கூலி என்னுடையது என்று முடிந்தது. மாத்தளையில் ஓட்டு வீட்டை வாடகைக்கு விடுபவர் ஒப்பந்தத்தில் குரங்குக்கு ஒரு வரி எழுதுவது நல்லது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2023இல் 1,00,000 குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று விவசாய அமைச்சரே பேசிய நாடு இது. குரங்குகள் போகவில்லை, ஓடுகள் இன்னும் புரண்டுகொண்டிருக்கின்றன.

ஒப்பந்தம் என்றேன். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடையில் அச்சடித்த படிவம் வாங்கி, இரண்டு வருஷம் என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்துப் பத்திரமாக மடித்து வைக்கிறோம். 1840இன் 7ஆம் இலக்கமான மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் அது குத்தகை. இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது மாதாமாதம் புதுப்பிக்கும் வாடகை அளவில்தான் நிற்கும். எழுதியிருப்பது எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. சிங்களம் படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பம் சிங்களப் படிவத்திலும், ஆங்கிலம் தெரியாத இருவரும் ஆங்கிலப் படிவத்திலும் கையெழுத்து வைப்பது நம் நாட்டில் அதிசயமில்லை. 'சகல திருத்த வேலைகளும் வாடகைக்காரரின் செலவில்' என்ற வரி அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கையெழுத்துக்கு முன் யாரையாவது வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாடகைச் சட்டம் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1972இன் 7ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் 1948இலும், அதற்கும் முன் யுத்த காலத்தில் 1942இலும் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருந்தன. மறு வருஷமே, 1973இன் 1ஆம் இலக்க வீடமைப்பு உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது. அப்போது வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். பல குடியிருப்பாளர்கள் சொந்த வீட்டுக்காரர் ஆனது அந்தச் சட்டத்தால்தான். அதைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. ஆனால் வாடகையை அசையாமல் கட்டிவைத்த சட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. சீமெந்தின் விலையும் பாஸின் கூலியும் ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. வீட்டுக்காரர் கூரையைப் பார்ப்பதை விட்டார். கொழும்பின் பழைய தெருக்களில் ஆலங்கன்று முளைத்த சுவரோடு நிற்கும் வாடகை வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சட்டம் அங்கே குடியிருந்தவரைக் காப்பாற்றியது, வீட்டைக் காப்பாற்றவில்லை. பின்வந்த திருத்தங்கள் புதிய வீடுகள் பலவற்றை அந்தப் பிடியிலிருந்து விடுவித்துவிட்டன. 2023இன் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்கும் வழியை உரிமையாளருக்குத் திறந்திருக்கிறது. ஒழுகும் கூரையை விரைவாகத் திருத்திவைக்கும் வழி குடியிருப்பவருக்கு இன்னும் திறக்கவில்லை. இது எனக்கு ஓரவஞ்சனையாகவே படுகிறது.

பத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வீட்டைப் பழுதாக்குவது வானம்தான். ஆடி, ஆவணியில் காய்ந்து வெடிக்கும் மண், ஐப்பசியில் மாரி தொடங்கியதும் ஊறி உப்பும். கோடையில் கறையான் சுவரோரமாக மண்கோடு போட்டுக் கைமரத்துக்கு ஏறும். மழை தொடங்கி முதல் வாரத்தில்தான் கூரை தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். அப்போது ஊரில் இருக்கும் இரண்டு பாஸும் வேறு யாராவது கூரையில் இருப்பார்கள். ஆகவே வீட்டுக்காரர் வருஷத்தில் ஒருமுறைதான் வீட்டைப் பார்க்க முடியும் என்றால் அது புரட்டாசியாக இருக்கட்டும். தைக்குப் பிறகு இன்னொருமுறை வந்து, மழை எங்கே கறை வைத்திருக்கிறது என்று கூரையின் அடிப்பக்கத்தையும் சுவரின் மேல் ஓரத்தையும் பார்த்துவிட்டால் அடுத்த வருஷ வேலைக்கு அதுவே பட்டியல். வருவதற்கு முன் குடியிருப்பவருக்கு ஒரு போன் போடுவது மரியாதை மட்டுமல்ல. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது.

கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தத் தகடு நம் தலைக்கு மேல் நிலைத்துப் போனதில் ஒரு வண்டுக்கும் பங்குண்டு. 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் நம் அரசாங்கம் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைக் கப்பலும் புறப்பட்டது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடையாமல் கிடக்கும் தகட்டால் ஆபத்துக் குறைவு. காய்ந்த தகட்டைத் துளைப்பதும், வெட்டுவதும், பாசி போகக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும்தான் தூளைக் கிளப்பும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு, உடைந்த துண்டுகளைப் பொலித்தீனில் சுற்றிக்கட்டி எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: வெயிலில் பல வருஷம் கிடந்த தகடு ஆள் பாரம் தாங்காது. பலகை போடாமல் அதன் மேல் ஏறிய பாஸ் அறைக்குள் வந்து விழுவார்.

பீலியை யார் துப்புரவாக்குவது? ஏணி யாரிடம் இருக்கிறதோ அவர் என்பது என் அனுபவம். 2007இன் நுளம்பு பெருகுதல் தடைச் சட்டம் உரிமையாளர், குடியிருப்பவர் இருவரையும் பொறுப்பாக்குகிறது. இலை அடைத்த பீலியில் தேங்கிய நீரில் புழு நெளிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நம் பி.எச்.ஐ. மகாத்தயா, யார் பெயரில் வழக்கெழுதுவார் என்று பந்தயம் கட்ட வேண்டாம். முதலிலேயே பேசி முடிவெடுத்து எழுதிவையுங்கள். மலக்குழியை உறிஞ்ச கலி பவுசர் வரவேண்டிய நாளுக்கும் அப்படியே.

பணம் செலவழிக்க மனமில்லாத வீட்டுக்காரரிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கட்டாயப்படுத்துவேன்: ட்ரிப் சுவிட்ச். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிய ஆரம்பித்தால் 30 மில்லி அம்பியரிலேயே துண்டித்துவிடும் சின்னப் பெட்டி அது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்கினால் வீடு இருண்டுபோக வேண்டும். இருளாவிட்டால் பெட்டி செத்துவிட்டது. பொத்தானை அமுக்குவது குடியிருப்பவர் வேலை. செத்த பெட்டியை மாற்றுவது வீட்டுக்காரர் கடமை. இதில் பேரம் கிடையாது.

இனி, இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய வீட்டுக்காரரிடம் வருவோம்.

அவருக்கு முகம் கிடையாது. மாத்தளை நகரம் தாண்டி எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கம் ஏறினால் அவருடைய வீடுகள் வரிசை வரிசையாகத் தெரியும். லயம் என்கிறோம். அதில் ஒரு குடும்பம் வாழும் அறைக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் காம்பரா. பாருங்கள், அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி. நிலம் அரசாங்கத்தினுடையது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போனபோது 53 வருஷக் குத்தகை, 2045 வரை. லயத்தில் இருப்பவர் குத்தகைக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. வேலைக்கு வந்ததால் தங்கவைக்கப்பட்டவர். வாடகை கொடுக்காதவருக்கு ஒல்லாந்தச் சட்டத்தின் அந்த அழகான வாசகமும் எட்டாது.

தகரம் துருப்பிடித்து ஓட்டையானால் யாரிடம் போவது? சங்கத் தலைவர் துரையிடம் சொல்வார். துரை கம்பனிக்கு எழுதுவார். வீடமைப்புக்கென்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது, தேர்தல் வந்தால் தகரத்தோடு வேட்பாளரும் வருவார். இத்தனை பேர் இருப்பதால்தான் கூரையில் கல்லும் பழைய டயரும் இருக்கின்றன. சொந்தக் காசில் ஒரு அறை கூட்டிக் கட்டினாலோ, அனுமதி வாங்கினாயா என்று கேட்க ஆள் உடனே வருவார். பழுது பார்க்காத வீட்டுக்காரரை வஹகோட்டையில் விட்டுவிட்டு வேறு வீடு பார்க்கலாம். லயத்தை விட்டுப் போனால் வேலையும் போய்விடும்.

2023 ஜூலை கடைசியில், மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்து வந்தது. முன்னோர் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த அதே திசை. தம்புள்ளை, நாலந்தை வழி. வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்த அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்னால் நின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும், அதற்கு முன் தொடங்கிய 4,000 வீடுகளும், 7 பேர்ச் காணியும் அந்தத் திசையில் வைத்த அடிகள். நடை முடிந்துவிட்டது, அடிகள் பாதி வழியில் நிற்கின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலை மாவட்டங்களைச் சரித்துப் போட்டபோது, பழுதுபார்ப்பு என்ற சொல்லே பல லயங்களுக்குப் பொருந்தாமல் போனது. சரிவோரத்தில் வீடு வைத்து வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: சுவரில் புதிய வெடிப்புத் தெரிந்தால் சீமெந்து பூசி மறைக்காமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லிக் காட்டிய பிறகே ஆளைக் குடிவையுங்கள்.

மறுபடி கலேவெலப் பக்கம். இங்கே வீடு வாடகைக்கு விடுபவர்கள் பெரும் பணக்காரர் இல்லை. மகன் வெளிநாடு போனதால் பூட்டிக் கிடந்த வீடு, ஓய்வூதியத்துக்குத் துணையாகக் கட்டிய இரண்டு அறை, அவ்வளவுதான். 2021இல் 1,000 ரூபாய்ச் சுற்றில் கிடைத்த 50 கிலோ சீமெந்து மூட்டை 2022 நெருக்கடியில் 3,000ஐத் தாண்டியபோது, ஒரு சுவரைத் திருத்துவதற்கே அவர்கள் நகையைப் பார்த்தார்கள். அவர்களுடைய கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் சொல்கிறேன்: பன்னிரண்டு மாத வாடகையையும் வருமானம் என்று எண்ணியதில்தான் பிழை. மாதம் 25,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 3,00,000 என்று கணக்குப் போடுகிறார்கள். 2,75,000தான் உங்களுடையது. மிச்சம் வீட்டினுடையது. அதைத் தனிப் புத்தகத்தில் போட்டு வையுங்கள். ஒரு வருஷம் பீலியும் பைப் வாஷரும்தான் கேட்கும். மூன்றாவது வருஷம் கூரை கேட்கும்போது கிட்டத்தட்ட 75,000 கையில் இருக்கும், நகை பெட்டியில் இருக்கும்.

குடியிருப்பவருக்கும் ஒரு வார்த்தை. பழுதை வாயால் சொல்லாதீர்கள். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள், போனில் படம் எடுத்து அனுப்புங்கள். எழுதிக் கொடுத்தும் வீட்டுக்காரர் அசையாவிட்டால், அவசியமான திருத்தத்தைச் செய்து வாடகையில் கழிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று யாராவது சொல்வார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் ஒரு சட்டத்தரணியைக் கேட்காமல் கழித்தால், கூரை வழக்கு வாடகை பாக்கி வழக்காகத் திரும்பி, குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பது போலாகிவிடும். அதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. கட்டணம் இல்லை, கறுப்புக் கோட்டும் இல்லை. ஊரறிந்த மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து குரங்கைப் பற்றியும் மிளகாயைப் பற்றியும் பேசலாம்.

வீட்டுக்காரர்களே, புரட்டாசி முடிவதற்குள் பாஸுக்குச் சொல்லிவிடுங்கள். ஐப்பசியில் அவர் கிடைக்கமாட்டார்.